ஊருக்கு மாதம் ஒரு பள்ளிக் கடிதம்: புதிதாகத் தலைமை ஆசிரியர் ஆனவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பதவி உயர்வு ஆணையை வாங்கிக்கொண்டு ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராகப் போகிறவருக்கு முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்துவிடும். மேலே அனுப்ப வேண்டிய தகவலுக்கு அளவே கிடையாது. பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் எமிஸ் இணையதளப் பதிவு ஒருபக்கம், வட்டார வள மையம் கேட்கும் படிவம் ஒருபக்கம், வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து 'மிக அவசரம், இன்று மாலைக்குள்' என்று வாட்ஸ்அப்பில் வந்து விழும் பட்டியல் ஒருபக்கம். பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊருக்கு எதையாவது எழுதுங்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்காததால் நாமும் எழுதுவதில்லை.

அதற்காக ஊருக்குச் செய்தி போகாமலா இருக்கிறது? தினமும் போகிறது. பிள்ளை வீட்டில் சொல்லும் பாதிக் கதையாகப் போகிறது. டீக்கடை பெஞ்சில் மீதிக் கதையைச் சேர்த்துக்கொள்கிறார்கள். "அந்த ஸ்கூல்ல நேத்து ஒரு வாத்தியார்கூட இல்லையாமே" என்பார் ஒருவர். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் குறுவள மையப் பயிற்சிக்குப் போயிருப்பார், இன்னொருவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பாடம் நடத்தியிருப்பார். அதை யாரும் சொல்லவில்லை என்பதால் டீக்கடைக் கதையே நிலைத்துவிடும். அடுத்த ஜூனில் இரண்டு பிள்ளைகள் தனியார் பள்ளியின் மஞ்சள் வேனில் ஏறிவிடுவார்கள்.

மாதம் ஒரு பக்கம் ஊருக்கு எழுதுங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்வது. அரசாணை எதுவும் இதைக் கேட்கவில்லை. செலவு ஐம்பது ஜெராக்ஸ் தாள்தான்.

முதல் வேலை: யார் வாசிக்கப்போகிறார்கள்?

எழுத உட்காரும் முன் சேர்க்கைப் பதிவேட்டை எடுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் நேராக, அதைத் தலைசீவிப் பள்ளிக்கு அனுப்பி வைப்பது யார் என்று பென்சிலில் குறித்து வாருங்கள். பதிவேட்டில் அப்பா பெயர் இருக்கும். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார், அம்மாவும் கூடப் போயிருப்பார், பிள்ளை அப்பாயியிடம் வளரும். எமிஸில் பதிந்திருக்கும் எண் சித்தப்பாவுடையதாக இருக்கும், அந்தச் சித்தப்பா எண்ணை மாற்றி ஒரு வருடம் ஆகியிருக்கும். இதையெல்லாம் ஜூன் மாதத்திலேயே சரிபார்த்துவிடுங்கள். பிள்ளைகளைக் கேட்டாலே முக்கால்வாசி தெரிந்துவிடும்.

ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் அம்மாவுக்குக் கடிதத்தைப் படமெடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும். வெளியூரில் வேலை செய்யும் அப்பாவுக்கும் அது போய்ச் சேரும். உண்மையில் அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பவர் அவராகத்தான் இருப்பார். பட்டன் போன் வைத்திருக்கும் அப்பாயிக்குத் தாள்தான் வழி, வாசித்துக் காட்ட ஆளும் வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். கடிதம் வரும் நாளில் ஆளுக்கு இரண்டு வீடு, வாசலில் நின்று சத்தமாக வாசித்துவிட்டு வர வேண்டும். பிள்ளைக்கு வாசிப்புப் பயிற்சி, பள்ளிக்கு அஞ்சல் செலவு மிச்சம்.

கடிதத்தைப் பொது இடத்தில் ஒட்டும்போது கவனம் தேவை. பள்ளி வாசல், ரேஷன் கடை, அங்கன்வாடி, பால் சொசைட்டி இவை நல்ல இடங்கள். கோயில் சுவரில் மட்டும் ஒட்டிவிட்டு வந்தால், அந்தத் தெருவுக்குள் இயல்பாக வந்து போக முடியாத குடும்பங்களை நீங்களே விலக்கி வைத்ததாக ஆகும். ஊர்த் தெருவில் ஒன்று ஒட்டினால் காலனியிலும் ஒன்று. முதல் மாதம் காலனியில் நீங்களே போய் ஒட்டுங்கள். 'பெரிய டீச்சரே வந்திருக்காங்க' என்ற செய்தி கடிதத்தைவிட வேகமாகப் பரவும்.

செய்தி சேர்ப்பது எப்படி?

மாதக் கடைசியில் உட்கார்ந்து 'இந்த மாதம் என்ன நடந்தது' என்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வராது. கொடியேற்றமும் ஆய்வுக்கு வந்த அலுவலரும்தான் வருவார்கள். ஊருக்கு அவை இரண்டுமே பெரிய விஷயமில்லை. மேசைமேல் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டு வையுங்கள். மாலையில் பூட்டும் முன் ஒரு வரி, அவ்வளவுதான். இப்படி இருக்கும்:

'இரண்டாம் வகுப்பு எல்லாரும் கடிகாரம் பார்த்துவிட்டார்கள். பின்பக்கக் குழாய்த் திருகு உடைந்தது. காலைக் கிச்சடி நிறைய மீந்தது, ஏன் என்று கேட்க வேண்டும். செங்கல் சூளைப் பிள்ளைகள் மூன்று பேர் இன்று வந்தார்கள், மாற்றுச் சான்றிதழ் இல்லை, சேர்த்துக்கொண்டோம். முருங்கைக் கன்றை ஆடு தின்றுவிட்டது.'

இந்த வரிகளில் பாதி உங்கள் கண்ணில் பட்டவையாக இருக்காது. சொல்ல ஆள் வேண்டும். பள்ளியில் நடப்பதும் தெரிந்து, ஊர் என்ன பேசுகிறது என்பதும் தெரிந்தவர் சமையலறையில் இருக்கிறார். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவுத் திட்டத்தில், கிராமப் பள்ளிகளில் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்தவர்கள். பெரும்பாலும் அந்தப் பள்ளியிலேயே படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள். அவரைவிட நல்ல நிருபர் உங்களுக்குக் கிடைக்க மாட்டார். மதியச் சத்துணவு அமைப்பாளரும் தூய்மைப் பணியாளரும் அப்படித்தான். மீந்த கிச்சடிக்கான காரணத்தைச் சமையலக்கா ஒரே வரியில் சொல்லிவிடுவார்: "அன்னைக்கு மேலத்தெருவுல காதுகுத்து டீச்சர், எல்லாப் புள்ளையும் அங்க சாப்பிட்டுட்டு வந்துருச்சு." நீங்கள் கறிவேப்பிலையைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருப்பீர்கள்.

எழுதும்போது

ஒரே பக்கம். பின்பக்கம் திரும்பினால் யாரும் படிப்பதில்லை. எழுத்துரு பெரிதாக இருக்கட்டும், கையெழுத்தாக இருந்தால் இன்னும் நல்லது. சேர்க்கை எண்ணிக்கை, வருகைச் சதவீதம் என்று தொடங்காதீர்கள். அது மேலே போகிற கடிதத்தின் தொடக்கம். வீட்டில் இருப்பவர் தன் பிள்ளையோடு சேர்த்துப் பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்லித் தொடங்குங்கள்.

நமக்கு இருக்கும் பெரிய சிக்கல் மொழிதான். இருபது வருடம் சுற்றறிக்கை படித்துப் படித்து நம் பேனாவும் சுற்றறிக்கையாகவே எழுதும். 'செயல்வழிக் கற்றல் வாயிலாக மாணவர்களின் அடைவுத்திறன் மேம்படுத்தப்பட்டுள்ளது' என்று எழுதினால் அதில் ஊர்க்காரருக்கு ஒன்றுமில்லை. 'இரண்டாம் வகுப்பில் எல்லாருக்கும் இப்போது கடிகாரம் பார்க்கத் தெரியும். இன்று ராத்திரி மணி என்ன என்று கேட்டுப் பாருங்கள்' என்று எழுதினால், அன்று ராத்திரி அத்தனை வீட்டிலும் ஒரு பிள்ளை சுவர்க் கடிகாரத்துக்கு முன்னால் நிற்கும். எழுதி முடித்ததும் உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதாக நினைத்து வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். எங்கே நாக்கு இடறுகிறதோ அங்கே வார்த்தையை மாற்றுங்கள்.

ஒரு மாதிரிக் கடிதம், ஜூலை மாதத்துக்கு. எண்களும் சம்பவங்களும் கற்பனை.

"எல்லாப் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கடன் வாங்கிக் கழிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிவரச் சொல்லுங்கள். தப்பாக எண்ணினால் திட்ட வேண்டாம், இன்னொரு தடவை எண்ணச் சொல்லுங்கள்.

ஜூலை 15 காமராசர் பிறந்தநாள். கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடினோம். பதினோரு பிள்ளைகள் மைக் பிடித்துப் பேசினார்கள். போன வருடம் மைக்கைப் பார்த்து அழுதவர்களும் அதில் இருந்தார்கள்.

காலை உணவு எட்டேகாலுக்குப் பரிமாறப்படுகிறது. ஒன்பது மணிக்கு வரும் பிள்ளைகளுக்கு அது கிடைக்காமல் போகிறது. தெற்குத் தெருப் பிள்ளைகள் சேர்ந்து வந்தால் எல்லாரும் நேரத்துக்கு வந்துவிடலாம். ஐந்தாம் வகுப்பு அக்காமார் கூட்டிவரத் தயாராக இருக்கிறார்கள்.

பின்பக்கக் குழாய் ஒன்று உடைந்திருக்கிறது. ஊராட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். குழாய் வேலை தெரிந்தவர் யாராவது வரும் சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் அதற்குள் தற்காலிகமாகச் சரிசெய்துவிடலாம். சாமான் பள்ளி வாங்கித் தரும்.

போன மாதம் தந்த இரண்டு மின்விசிறிகளை ஒன்றாம் வகுப்பறையில் மாட்டியாகிவிட்டது. வந்து பார்க்கலாம்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். உறுப்பினர் அல்லாத பெற்றோரும் வரலாம். ஆகஸ்ட் 15 காலையில் கொடியேற்றம், பிறகு கிராம சபை. குடிநீர்த் தொட்டி பற்றி அங்கே கேட்கப்போகிறோம், துணைக்கு வாருங்கள்.

உங்கள் பிள்ளையைப் பற்றித் தனியாகப் பேச வேண்டுமென்றால் பள்ளி விட்டபிறகு அரைமணி நேரம் நான் இருப்பேன்.

பள்ளி தொடர்பான சந்தேகம், புகார்: 14417. குழந்தைக்கு எந்த ஆபத்து என்றாலும்: 1098."

அந்தக் கடைசி இரண்டு எண்களும் ஒவ்வொரு மாதமும் இருக்கட்டும். உங்கள்மீதே புகார் சொல்ல நீங்களே எண் கொடுக்கிறீர்கள் என்று சக ஆசிரியர்கள் கேலி செய்வார்கள். கொடுங்கள்.

உதவி கேட்ட விதத்தையும் பாருங்கள். 'பெற்றோர்கள் பள்ளி வளர்ச்சிக்கு ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்றால் யாரும் நல்க மாட்டார்கள். எந்தக் குழாய், எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம், சாமான் யார் பொறுப்பு என்று சொன்னால் ஒருவராவது பையைத் தூக்கிக்கொண்டு வருவார். ஒரு கடிதத்தில் ஓர் உதவிதான் கேட்க வேண்டும். மூன்று கேட்டால் பள்ளி கையேந்துவதாகத்தான் தெரியும்.

படிப்பைப் பற்றி எப்படிச் சொல்வது?

2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபிறகு, பிள்ளையின் கற்றல் நிலையைக் குறிக்கும் அரும்பு, மொட்டு, மலர் என்ற சொற்கள் பிள்ளைகள் வாய்வழியாகவே வீட்டுக்குப் போய்விட்டன. வீட்டில் அதை முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க், பெயில் என்று மொழிபெயர்த்துக்கொள்கிறார்கள். 'எம்புள்ள இன்னும் அரும்புலயே இருக்கான்னு சொல்றான், அடிச்சுச் சொல்லிக் குடுங்க டீச்சர்' என்று ஓர் அம்மா வந்து நிற்பார். அடிக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு என்று அங்கேயே சட்டம் பேசாதீர்கள். முதல் பருவத்தின் ஏதாவது ஒரு கடிதத்தில், அரும்பு என்றால் எழுத்தைப் பழகிக்கொண்டிருக்கிற நிலை, மொட்டு என்றால் சொல்லும் சிறு வாக்கியமும் கைவந்துகொண்டிருக்கிற நிலை, மலர் என்றால் வகுப்புக்கு உரிய பாடத்தை வாசிக்கிற நிலை, ஒரு பிள்ளை தமிழில் மலராகவும் கணக்கில் அரும்பாகவும் இருக்கலாம் என்று நாலு வரியில் விளக்கிவிடுங்கள். அந்த அம்மா வருவதற்கு முன்பே அவருக்குப் பதில் போய்விடும்.

எந்தப் பிள்ளை எந்த நிலை என்பதைக் கடிதத்திலோ வாட்ஸ்அப் குழுவிலோ ஒருபோதும் போடாதீர்கள். பாராட்டும்போதுகூட 'முதல் மூன்று பேர்' என்று பெயர் போடாமல் இருப்பதே நல்லது. ஐம்பது பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் மூன்று வீடு மகிழும், நாற்பத்தேழு வீடு அடுத்த கடிதத்தைப் பிரிக்காது. பெயர் போட்டே ஆக வேண்டுமென்றால் படிப்புக்கு வெளியே தேடுங்கள்: செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன், தம்பியைக் கைப்பிடித்துக் கூட்டி வருகிறவள், மழையில் புத்தகத்தை நனையாமல் கொண்டுவந்தவன். வருடத்துக்குள் எல்லாப் பிள்ளையின் பெயரும் ஒருமுறையாவது வந்துவிட்டதா என்று பட்டியல் வைத்துச் சரிபாருங்கள்.

பணமும் சீரும்

இந்த இடத்தில்தான் பல தலைமை ஆசிரியர்களின் பெயர் கெட்டுப்போகிறது. பெரும்பாலும் எடுத்தவர்களுக்கு அல்ல, சொல்லாதவர்களுக்கு.

சிறிய பள்ளிக்கு வரும் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் பெரிய தொகை இல்லை. 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 வரை என்றால் 25,000. அதுவும் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. ஊரில் ஆனால் 'கவர்மெண்டு லட்சலட்சமா குடுக்குது' என்ற பேச்சு ஓடும். மானியம் வந்த மாதக் கடிதத்தில் தொகையை எழுதுங்கள். செலவான மாதத்தில் எதற்கு எவ்வளவு என்று எழுதுங்கள்: சுண்ணாம்பு, கழிவறை சுத்தம் செய்யும் பொருள், மின்சாதனப் பழுது. பள்ளி மேலாண்மைக் குழுக் கணக்கில் குழுத் தலைவரும் நீங்களும் சேர்ந்துதான் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அவர் நூறுநாள் வேலைக்குப் போகிற ஓர் அம்மாவாக இருக்கலாம். காசோலையை நீட்டி 'இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா' என்று வாங்கிக்கொண்டு போகாதீர்கள். பில்லைக் காட்டி, வாசித்துச் சொல்லி, பிறகு வாங்குங்கள். ஊரில் உங்களுக்காகப் பேசப்போவது அந்த அம்மாதான்.

பொருளாகக் கொடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் ஆழமாக இருக்கிறது. 1950களின் கடைசியில் காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்தபோது ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பள்ளிக்கு என்ன தேவை என்று பட்டியல் போட்டு ஊராரே கொடுத்தார்கள். இப்போது அதன் தொடர்ச்சிபோல நடப்பது கல்விச் சீர். கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவருவதுபோல, மேளம் முன்னே போக, பெண்கள் தாம்பாளத் தட்டில் நோட்டு, பென்சில், சுவர்க் கடிகாரம், சில்வர் தட்டு, டம்ளர் என்று எடுத்துவர, பின்னால் ஆண்கள் நாற்காலியையும் பீரோவையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வருவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஏற்பாடு செய்யும்போது சில விஷயங்களை விட்டுக்கொடுக்காதீர்கள். ஊர்வலம் எல்லாத் தெரு வழியாகவும் வர வேண்டும், காலனி உட்பட. வழியை முடிவுசெய்யும் கூட்டத்தில் நீங்கள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'எப்பவும் போற வழி' என்று யாராவது சொல்லி முடித்துவிடுவார்கள். எல்லாத் தட்டும் ஒரே மேசையில் இறங்க வேண்டும். யார் எவ்வளவு மதிப்புக்குத் தந்தார் என்று மைக்கில் அறிவிக்கக் கூடாது. ஒரு பென்சில் பெட்டியோடு வருகிற பாட்டியும் அன்று சீர் கொண்டுவந்தவர்தான். சாமான்கள் இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும், அடுத்த கடிதத்தில் முழுப் பட்டியலும் வர வேண்டும்.

வேண்டாத பொருளும் வரும். ஐந்து சுவர்க் கடிகாரம் வந்தால் என்ன செய்வது? முந்தின மாதக் கடிதத்திலேயே தேவைப் பட்டியலை விலை குறைந்ததிலிருந்து மேல்நோக்கி எழுதிவிடுவதுதான் வழி.

கெட்ட செய்தி

பிள்ளை கீழே விழுந்து அடிபட்டது, முட்டை அழுகியிருந்தது, இரண்டு பிள்ளைகள் கைகலந்து ஒருவருக்குக் காயம். இதையெல்லாம் மாதக் கடிதத்துக்குக் காத்திருந்து சொல்லக் கூடாது. அந்தக் குடும்பத்துக்கு உடனே, நேரில், நீங்களே. மற்றவர்களுக்கு அன்று மாலை பள்ளி விடுவதற்குள் குழுவில் நாலு வரி: என்ன நடந்தது, என்ன செய்தோம், பிள்ளை இப்போது எப்படி இருக்கிறது, இனி என்ன மாற்றம். பெயர் வேண்டாம். மாலை நாலரைக்குள் நீங்கள் சொல்லாவிட்டால் ஆறு மணிக்கு வேறொருவர் சொல்வார், அவர் சொல்வதில் முட்டை ஒன்று முப்பதாகியிருக்கும்.

ஆசிரியர் மாறுதலாகிப் போவதையும் ஊர் கெட்ட செய்தியாகத்தான் எடுத்துக்கொள்ளும். அவர் போகும் முன்பே கடிதத்தில் சொல்லி, அடுத்து யார் அந்த வகுப்பைப் பார்ப்பார் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

படம் போடலாமா?

குழுவில் படம் போட்டால்தான் பெற்றோர் பார்க்கிறார்கள் என்பது உண்மை. ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டமாக நிற்கும் படம் போதும். அழுகிற பிள்ளை, கிழிந்த சட்டை, உதவி வாங்கக் கைநீட்டும் பிள்ளை இந்தப் படங்கள் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். தானம் கொடுத்தவர் பிள்ளையோடு நின்று படமெடுத்துக்கொள்ளக் கேட்டால் கொடுத்த பொருளோடு நிற்கச் சொல்லுங்கள்.

மேலாண்மைக் குழுவும் கிராம சபையும்

கடிதம் எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று இருக்க முடியாது. அது இரண்டு கூட்டங்களோடு சேர்ந்தால்தான் பலன் தரும். கல்வி உரிமைச் சட்டம் 21ஆம் பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022லும் 2024லும் இந்தக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. ஏட்டில் எல்லாப் பள்ளியிலும் குழு இருக்கிறது. நடப்பில் கூட்டம் என்றால் பல இடங்களில் கையெழுத்து நோட்டு வீடு வீடாகப் போய் வருவதுதான். நோட்டை அனுப்பாதீர்கள். ஆறு பேர் வந்தாலும் ஆறு பேரோடு நடத்துங்கள். அந்த மாதக் கடிதத்தின் வரைவை அங்கே வாசித்துக் காட்டுங்கள். 'இதப் போட வேணாம் சார், இதப் போடுங்க' என்று அவர்கள் திருத்தத் தொடங்கிய மாதத்திலிருந்து கூட்டத்துக்கு ஆள் வரும்.

சுற்றுச்சுவர், கழிவறை, குடிநீர் போன்றவை பள்ளியின் கைக்கு மீறியவை. அவற்றைக் குழுத் தீர்மானமாக எழுதிக் கிராம சபையில் வையுங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தை நீங்கள் எழுந்து வாசிக்க வேண்டாம், குழுத் தலைவரான பெற்றோர் வாசிக்கட்டும். அரசு ஊழியர் கேட்டால் 'அலுவல் விஷயம், பாத்துக்கலாம்' என்று போய்விடும். நாலு அம்மாக்கள் எழுந்து நின்று கேட்டால் அது ஊர் விஷயம். ஊராட்சித் தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலத்தில் ஒரு நகலை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள்.

மாதத்துக்கு ஏற்ற செய்தி

சில மாதங்களில் என்ன எழுதுவது என்று யோசிக்கவே வேண்டாம். மார்ச்சில் புதுச் சேர்க்கை: ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும், பிறப்புச் சான்றிதழ் கையில் இல்லை என்பதற்காகப் பிள்ளையைத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். சான்றிதழ் தேடியே ஒரு வருடம் கழித்துச் சேர்க்க வருகிற குடும்பங்கள் இன்னும் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் மழை விடுமுறை, காய்ச்சல், கொதிக்க வைத்த தண்ணீர். நவம்பரில் குழந்தைகள் தினம். மூன்றாம் பருவத்தில் ஆண்டு விழா. அதில் எல்லாப் பிள்ளையும் மேடையேறும் என்று முன்கூட்டியே எழுதிவிட்டால், பிறகு உங்களாலும் அதை மாற்ற முடியாது.

ஏப்ரல் கடிதம் ஐந்தாம் வகுப்புப் பெற்றோருக்கு. ஆறாம் வகுப்புக்குப் பிள்ளை எங்கே போகப்போகிறது என்பதை அந்த மாதம்தான் முடிவுசெய்கிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவம், பொறியியல் படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு கிடைக்கும். கல்லூரியில் சேர்ந்தபிறகு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்குப் பார்ப்பவை. ஐந்தாம் வகுப்போடு 'கொஞ்ச நாள் தனியார்ல போட்டுப் பாப்போம்' என்று கிளம்புகிறவர்களுக்கு இது தெரிந்திருப்பதில்லை. போகாதீர்கள் என்று கெஞ்ச வேண்டியதில்லை, தகவலைச் சொன்னால் போதும்.

பதில் வராவிட்டால்

முதல் சில மாதம் வராது. குழுவில் இரண்டு கும்பிடு கை வரும், ஒரு 'குட் மார்னிங்' ரோஜாப்பூ வரும். கடிதம் ஊரில் வாசிக்கப்படுகிறதா என்பதை வேறு வழியில் தெரிந்துகொள்ளலாம். தேதியைக் கொஞ்சம் தள்ளிப்போட்டுப் பாருங்கள். ரேஷன் கடை வரிசையில் யாராவது 'இந்த மாசம் ஒண்ணும் ஒட்டலையே டீச்சர்?' என்று கேட்டால் வேலை நடக்கிறது என்று பொருள். கேட்காவிட்டால் கடிதத்தில் அவர்கள் வீட்டுப் பிள்ளை இல்லை என்று பொருள். நாற்பது பக்க நோட்டுக்குத் திரும்பிப் போங்கள். சண்டைக்கு யாராவது வந்தால் அதையும் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். சண்டை போட வருகிறவர் கடிதத்தை முழுக்கப் படித்தவர்.

எழுதிய கடிதங்களின் ஒரு நகலைத் தேதிவாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். ஆய்வுக்கு வருகிறவர் 'பெற்றோர் தொடர்புக்கு என்ன ஆதாரம்' என்று கேட்டால் எடுத்து நீட்ட உதவும். மாறுதல் வந்து பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் சாவிக்கொத்தோடும் இருப்புப் பதிவேட்டோடும் அந்தக் கோப்பையும் நோட்டையும் ஒப்படைப்புப் பட்டியலில் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப் குழுவின் அட்மினாகப் புதியவரையும் மேலாண்மைக் குழுத் தலைவரையும் சேர்த்துவிட்டு, பிறகு நீங்கள் வெளியேறுங்கள். முன்னாள் தலைமை ஆசிரியர் குழுவிலேயே இருந்துகொண்டு கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தால் புதியவர் பாடு திண்டாட்டம்.